நிறம் மட்டும் சொன்னார்கள்

ஜூலை 1, திங்கள்

தேங்காய் வியாபாரிகள் சங்கத்தில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக லாரி நம்பரும் காய் எண்ணிக்கையும் மட்டுமே எழுதி வந்தேன். இன்றிலிருந்து கார் வாங்கும் கதையை எழுதப் போகிறேன். "பொள்ளாச்சி தெய்வசிகாமணி மட்டும் எப்படி இவ்வளவு குறைத்து வாங்கினார்?" என்று நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்து நீட்டலாம்.

நேற்று தாராபுரம் போய் மகள் தாரணியின் கல்யாணத்தைப் பேசி முடித்தோம். செப்டம்பர் ஆறு, ஆவணி முகூர்த்தம். மாப்பிள்ளை லோகேஸ்வரன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. சம்பந்தி வெங்கிடுபதிக்கு நூல் மில் இருக்கிறது. தங்கமான மனிதர்கள். எதுவுமே கேட்கவில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க, நாங்க வாயத் தொறக்க மாட்டமுங்க" என்றார். கார் வாங்கித் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். நம் பக்கத்தில் வழக்கம்தானே. கிளம்பும்போது சம்பந்தியம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வெள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை ராசிக்கு ஒத்துவருமாம். அவ்வளவுதான். நிறம் மட்டும் சொன்னார்கள்.

ஜூலை 3, புதன்

கோவை ரோட்டில் உள்ள ஷோரூமுக்குப் போனேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு. பசியோடு பேரம் பேசப் போகிறவன் சீக்கிரம் தலையாட்டிவிடுவான். ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்து காபி கொடுத்தாள். காபியையும் குடிக்கவில்லை. குடித்தால் அரை மனசு அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

சம்பந்தி வீட்டில் மனதில் வைத்திருப்பதாகத் தரகர் சொன்ன வண்டிக்கு ஆன்ரோடு விலை பதிமூன்று எண்பது. லட்சத்தில்தான்.

பேரத்தில் எனக்கு ஒரே சட்டம். உட்காரும்போதே எழுந்து போகத் தயாராக உட்கார வேண்டும். பேச்சு நின்ற இடத்தில் எழுந்து, வணக்கம் சொல்லி, வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். நிஜமாகவே போகிறவன் நடை வேறு, கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பவன் நடை வேறு. விற்கிறவனுக்கு முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். முப்பது வருடத்தில் என் நடையை யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இன்று ஏழாவது அடியில் ஜெசிந்தா கூப்பிட்டாள். பத்தாயிரம் குறைந்தது. "மீதிய மாசக் கடைசில பேசிக்கலாம் கண்ணு" என்றேன். மாதக் கடைசியில் அவர்களுக்கு டார்கெட் இருக்கும்.

"எல்லாரும் அதத்தான் சார் சொல்றீங்க" என்று சிரித்தாள். கெட்டிக்காரப் பெண்.

ஜூலை 6, சனி

ஆனைமலையிலிருந்து எட்டாயிரம் காய் வந்தது. தோப்புக்காரர் லாபக்காய்க்கு மூக்கால் அழுதார். நூறு காய் வாங்கினால் பதினைந்து காய் விலையில்லாமல் மேலே எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம், அதற்குத்தான் அந்தப் பெயர். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நான் இல்லை. நான் வாயைத் திறந்து கேட்பதுகூடக் கிடையாது. எண்ணுகிற ஆளே ஒதுக்கி வைத்துவிடுவான்.

மழை. மண்டியில் ஓடு ஒழுகுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

சம்பந்தியம்மா போன் செய்து என் மனைவி சௌந்தரத்திடம் அரை மணி நேரம் பேசினார். சேலை, நகை, சமையல்காரர் எல்லாம் பேசிவிட்டு, மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லோரும் மேலே கண்ணாடி திறக்கிற வண்டிதான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாராம். வேண்டும் என்று கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான்.

விசாரித்தேன். அந்தக் கண்ணாடி மேல் மாடலில்தான் வரும். ஒன்று தொண்ணூறு கூடுதல்.

"மேல தொறந்து என்னங்க பண்ணுவாங்க?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"காத்து வாங்குவாங்க" என்றேன். பெண்களுக்கு வண்டி பற்றி என்ன தெரியும்.

ஜூலை 12, வெள்ளி

கோயம்புத்தூரில் வேறொரு ஷோரூமில் போய் அதே மாடலுக்கு எழுத்தில் விலை வாங்கி வந்து ஜெசிந்தா மேசையில் வைத்தேன். பேசாமல் வைத்தேன். அவள் மேனேஜரிடம் ஓடினாள். இருபத்தைந்தாயிரம் இறங்கியது. இதுவரை முப்பத்தைந்து. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

தாரணிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஆனைமலைப் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர். பசுவின் வயிற்றில் கன்று மாட்டிக்கொண்டதென்று காலை ஆறு மணிக்கே யாரோ கூப்பிட, ஸ்கூட்டியில் போனாள். மதியம் தொப்பலாக நனைந்து வந்தாள். முழங்கை வரை சேறு. ஓடைப் பாலத்தில் வண்டி சறுக்கிவிட்டதாம், அடி ஒன்றும் இல்லை என்றாள்.

சாப்பிடும்போது, "அப்பா, அந்தக் கார நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். லைசென்ஸ் எடுத்து ஐந்து வருடம் ஆகிறது, ஓட்டத்தான் வண்டி இல்லை.

"அது மாப்பிள்ளை வண்டி அம்மிணி, அவரு வந்து ஓட்டிப் பாக்கட்டும்" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அமைதியான பெண். சந்தோஷத்தைக் கூட வெளியே காட்ட மாட்டாள்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை, ஷோரூமில் ஈ ஓட்டுகிறார்கள். ஆடிக்குள் பில் போட்டால் நாற்பத்தைந்தாயிரம் தள்ளுபடி. பில்லை இப்போது போட்டுவிட்டு, வண்டியை ஆவணியில் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 18, வியாழன்

குறைந்துவிடுமாம். சம்பந்தி போன் செய்தார். "ஆடில பேரு விழுந்த வண்டி வேண்டாமுங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

என் இஷ்டம் என்றுதான் சொன்னார். நான்தான் சரி என்றேன். ஜெசிந்தாவிடம் வாதாடி, முன்பணத்தை ஆடியிலேயே கட்டிவிடுகிறேன், பில்லை ஆவணியில் போடுங்கள் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். இருபதாயிரம் குறைக்க ஒத்துக்கொண்டார்கள். மொத்தம் ஐம்பத்தைந்து. இந்த மாதிரி யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது.

ஜூலை 23, செவ்வாய்

பெங்களூர் டிராஃபிக்கில் கியர் மாற்றி மாற்றி மாப்பிள்ளைக்குக் கால் வலிக்கிறதாம். ஆட்டோமேட்டிக் என்றால் சௌகரியம். ஒன்று இருபது கூடுதல். பதிமூன்று எண்பதில் ஆரம்பித்தது பதினாறு தொண்ணூறில் நிற்கிறது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். சும்மாதானே கிடக்கிறது. சௌந்தரத்திடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 29, திங்கள்

மாதக் கடைசி. இரண்டு மணி நேரம் பேசினேன். இருமுறை எழுந்தேன். இரண்டாம் முறை வாசல் கதவில் கை வைத்த பிறகுதான் மேனேஜரே ஓடி வந்தார். இன்னும் இருபத்தேழாயிரம். மொத்தம் எண்பத்திரண்டாயிரம் குறைத்து, பதினாறு லட்சத்து எட்டாயிரத்துக்கு முடித்தேன். இந்த ஊரில் இதற்குக் கீழே எவனும் வாங்கியிருக்க முடியாது என்று நினைத்தேன்.

பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். வண்டி மாப்பிள்ளை பெயரில் என்பதால் அவர் போன் நம்பரைக் கொடுத்தேன். ஜெசிந்தா கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு அப்படியே நின்றாள்.

"சார், இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு புக்கிங் இருக்குங்க. தை மாசம் போட்டுக் கேன்சல் ஆயிருக்கு. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எட்டிப் பார்த்தேன். லோகேஸ்வரன், தாராபுரம். அதே வண்டி. வெள்ளை. மேலே கண்ணாடி. ஆட்டோமேட்டிக். முன்பணம் கட்டியவர்: சென்னியப்பன், உடுமலைப்பேட்டை.

அதற்குக் கீழே கடைசி விலை. பதினைந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

என்னைவிடப் பதினெட்டாயிரம் குறைவு!

ஜூலை 30, செவ்வாய்

நாள் முழுவதும் ஒன்றும் ஓடவில்லை. சென்னியப்பனை எனக்குத் தெரியும். உடுமலைப் பக்கம் பதினைந்து ஏக்கர் தோப்பு. இரண்டு முறை காய் வெட்டியபோது அவரிடம் எடுத்திருக்கிறேன். வாயில்லாப் பூச்சி. நான் சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை மறுக்காமல் கொடுத்தவர். அவர் எப்படிப் பதினெட்டாயிரம் கூடுதலாகக் குறைத்தார்?

மாப்பிள்ளை பெயரில் அவர் ஏன் வண்டி போட்டார் என்று சௌந்தரம் கேட்டாள். அதுவும் ஒரு கேள்விதான்.

ஜூலை 31, புதன்

உடுமலை போனேன். காய் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு பம்ப்செட் பக்கம் உட்கார்ந்தேன். சென்னியப்பன் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, தை மாசம் ஒரு வெள்ளைக் கார் பேசுனீங்களாமா. பதினஞ்சு தொண்ணூறுக்கு எப்படிங்க எறக்குனீங்க?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "தாராபுரமுங்களா?" என்றார். நான் தலையாட்டினேன்.

"நான் எங்கீங்க எறக்குனேன்? கட்டுன பணத்தத் திருப்பிக் கேக்கப் போனேன். வண்டி வேண்டாம்னேன். பத்து கொறைக்கறம்னாங்க. வேண்டாம்னேன். இன்னும் கொறைச்சாங்க. நான் கேக்கவே இல்லீங்க. எழுந்து வந்துட்டேன்."

"கூப்பிடலீங்களா?"

"கூப்பிட்டிருப்பாங்க. எனக்குக் காதுல விழுகல."

இளநீரைக் குடித்து முடித்தேன். அவராகவே சொன்னார்: "மொதல்ல நெறம் சொன்னாங்க. அப்பறம் மேல கண்ணாடி. அப்பறம் கியர். அதுக்கப்பறம் வண்டி நம்பர்."

"நம்பரு இன்னும் வல்லீங்க" என்றேன்.

"வருமுங்க."

அந்தத் தாராபுரம் வீட்டுக்குப் பேசியிருந்த அவர் மகள் இப்போது பல்லடத்தில் ஒரு பாங்கில் வேலை பார்க்கிறாளாம். நன்றாக இருக்கிறாளாம். கிளம்பும்போது சென்னியப்பன் இன்னொன்றும் சொன்னார். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சம்பந்தியம்மா போன். எல்லாம் ஒன்பதாக வருகிற வண்டி நம்பர் கிடைத்தால் நல்லதாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. விரதச் சாப்பாடு முடிந்து சௌந்தரம் படுத்துவிட்டாள். தாரணி வாசலில் ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் குழாயைத் திருகிவிட்டேன்.

"அம்மிணி, மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா உனக்கு?"

துணியைப் பிழிந்தபடியே சிரித்தாள். "அந்த வண்டியப் பத்தி எத்தன தடவ போய்க் கேட்டீங்கப்பா. எங்கிட்ட இத இப்பத்தான் கேக்கறீங்க."

சென்னியப்பன் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. ஒரு மாதமாக லோகேஸ்வரனிடம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாளாம். அப்பாவுக்குச் சிரமம், சின்ன வண்டி போதும் என்று சொல்லுங்கள் என மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும், அதெல்லாம் பெரியவங்க விஷயம், நான் தலையிட மாட்டேன் என்றிருக்கிறார்.

"நல்லாத்தான் பேசுவாருப்பா. கெட்டவரு இல்ல. ஒரு தடவ, ஒரே தடவ வேண்டாம்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தா எனக்குப் போதும்."

"நீ ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கதான் தினமும் அவ்வளவு சந்தோஷமா எழுதிட்டிருந்தீங்களே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த டைரியைத் தூக்கிக் குழாயடியில் போட்டுவிடலாம் போலிருந்தது. ஸ்கூட்டியின் வலது பக்கம் முழுக்கக் கீறல். பாலத்தில் சறுக்கியது. இன்றுதான் குனிந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

"ஆடில கல்யாணப் பேச்சுக்குப் போகக் கூடாதுங்க" என்றாள் சௌந்தரம்.

"கல்யாணம் பேசறதுக்குப் போகல" என்றேன். மூவருமாகத் தாராபுரம் போனோம். முறுக்கும் காபியும் வைத்தார்கள். காபியைக் குடிக்கவில்லை. லோகேஸ்வரனும் லீவில் வந்திருந்தார், சோபாவில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, வண்டி வாங்கல" என்றேன்.

வெங்கிடுபதிக்கு முகம் மாறவில்லை. "என்னங்க இது, நாங்க எதுவுமே கேக்கலீங்களே" என்றார்.

"ஆமாங்க. நீங்க கேக்கல. அதான் குடுக்கல."

சம்பந்தியம்மா, நாலு பேருக்குச் சொல்லியாயிற்று, இனி எந்த முகத்தோடு வெளியே போவது என்று ஆரம்பித்தார். உங்கள் பெண்ணுக்குத்தானே கேட்டோம் என்றும் சொன்னார். எதுவும் கேட்கவில்லை என்று சொன்னவர் வீட்டில் 'கேட்டோம்' என்ற வார்த்தை வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

தாரணி லோகேஸ்வரனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன், இது சத்தியம். அவர் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் பேசினேன். உடுமலையில் கிளம்பும்போது சென்னியப்பன் சொன்னதை, அன்று எழுதாமல் விட்டதை, என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் தேங்காய் யாவாரிங்க. முப்பது வருசமா கேக்காமயே லாபக்காய் எடுத்தவன். எடுக்கறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். எம்பொண்ணு மேல எவனும் லாபக்காய் எடுக்க விடமாட்டேன்."

எழுந்தேன். சௌந்தரமும் தாரணியும் எழுந்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்தோம். வாசலைத் தாண்டிச் செருப்பை மாட்டும்போதுதான் நினைவு வந்தது, நான் அடிகளை எண்ணவே இல்லை.

பஸ்ஸில் திரும்பினோம். தாராபுரத்திலிருந்து உடுமலை வரை சௌந்தரம் அழுதாள். அதற்குப் பிறகு தூங்கிவிட்டாள். தாரணி ஜன்னலோரம். இந்தக் கல்யாணம் நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத முடியாது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் வெங்கிடுபதி போன் செய்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். கோபத்தில் ஏதேதோ ஆகிவிட்டது, மேலே கண்ணாடியெல்லாம் வேண்டாம், முதலில் பேசிய மாடலே போதும் என்றார். நான் பேசாமல் இருந்தேன். "கியரும் சாதாவே இருக்கட்டுங்க" என்றார். இன்னும் பேசாமல் இருந்தேன். "நெறம் உங்க இஷ்டம்" என்றார்.

பேரத்தில் இதைவிடப் பெரிய இறக்கத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மூன்று லட்சம். பழைய தெய்வசிகாமணியாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். போனைப் பொத்திக்கொண்டு தாரணியைக் கேட்டேன்.

ஊசி மருந்துகளைப் பையில் அடுக்கியபடி நிமிராமலே சொன்னாள்: "நம்ம மண்டில காய் இல்லைன்னு சொல்லிருங்கப்பா."

அப்படியே சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஷோரூம். நான் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தர மனமில்லாமல் ஜெசிந்தா சின்ன வண்டிகளைக் காட்டினாள். ஆனால் வாங்கியது நான் இல்லை. என் முன்பணம் போக மீதி தாரணியின் சம்பளத்தில், மாதத் தவணையில். பெயரும் அவளுடையதே. வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளேயே கூட்டிப் போனாள்.

முதலில் அவளே ஓட்டிப் பார்த்தாள். சேற்றில் ஏறுமா, பின்சீட்டை மடித்தால் கன்றுக்குட்டி படுக்குமா என்று கேட்டாள். காபி கொடுத்தார்கள், குடித்தாள்! எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு நிதானமாகப் பேசி, இருபத்திரண்டாயிரம் குறைத்து, சீட் கவரும் தரைவிரிப்பும் சும்மா வாங்கினாள். ஒருமுறைகூட நாற்காலியை விட்டு எழவில்லை. எப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"என்ன கலர் மேடம்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"சேறு தெரியாத கலர் எதுவோ அது."

செப்டம்பர் 6, வெள்ளி

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள். பந்தல் போட இருந்த இடத்தில் பழுப்புக் கார் நிற்கிறது. தாரணி காலையிலேயே கிளம்பி, என்னை மண்டியில் இறக்கிவிட்டு ஆனைமலைக்குப் போனாள். வழியில் மூன்று முறை பிரேக் பிடி என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

பதினோரு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். அடுத்த வெட்டு பேச. கல்யாணம் நின்றது பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விலையில் சீக்கிரமே ஒத்துப்போனோம்.

"லாபக்காய்?" என்று கேட்டார். இதுவரை எந்தத் தோப்புக்காரரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை.

பத்து நாளாக இதை யோசித்து வைத்திருந்தேன். நல்லவனாக வேண்டும் என்று ஆசைதான். ஆனால் முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. "உங்களுக்காக நூத்துக்கு அஞ்சு போதுமுங்க" என்றேன். பதினைந்து எடுத்தவன் ஐந்துக்கு இறங்கியிருக்கிறேன், சும்மாவா?

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார்.

முதுகைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நிஜமாகவே போகிறவர் நடை அது. மூன்றாவது அடியிலேயே கூப்பிட்டுவிட்டேன்.